சிவப்பு நட்சத்திரக் கேள்வி

இரவு பத்தே கால்.
பொங்கோல், பதினான்காம் மாடி.
ஜூன் விடுமுறையில் மூன்று இரவு,
பினாங்கு போய்த் திரும்பும் கப்பல்.
ஆறு பேர், இரண்டு அறை.
இந்த விலை இன்னும் பதினைந்து நிமிடம்தான் என்கிறது திரை.
மூலையில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடுகிறது.

பெயர்களிலேயே நான்கு நிமிடம் போயிற்று.
வைரக்கண்ணு எஸ்/ஓ முத்தையன்:
நடுவிலிருக்கும் சாய்கோட்டைக்
கப்பல் கம்பெனி ஏற்கவில்லை.
கோட்டை எடுத்தேன்.
மாமா இப்போது எஸ்ஓ என்ற பெயரோடு கடலுக்குப் போகிறார்.
அத்தைக்குச் சைவம், வியாழன் மட்டும் வெங்காயம் இல்லாமல்.
மாமாவின் இன்சுலினுக்கு ஒரு குளிர்பெட்டி.
நேப்பி போட்ட பிள்ளைகள் குளத்தில் இறங்கக் கூடாதாம்,
மகிழினிக்கு எப்படிச் சொல்வது?
துருவன் தூங்கப் போகுமுன் ஒன்றே ஒன்று கேட்டான்:
"கப்பல்ல லிஃப்ட் இருக்கா?"
இருக்கிறது. அவன் விடுமுறை அங்கேயே முடிவாகிவிட்டது.

அப்புறம் வந்தது அது.
அறை ஒன்று. பெரியவர் இருவர்.
கட்டில்: இணைத்தா, பிரித்தா?
பக்கத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம்.
பதில் சொல்லாமல் தாண்ட முடியாது.

மாமா தூங்குவது கூடத்துச் சோபாவில்,
காற்பந்து முடிந்தும் அணையாத டிவியின் கீழே.
அத்தை உள்ளறையில்,
மகிழினியின் குதிகால் விலாவில் பட.
குறட்டை என்பார்கள். முதுகுவலி என்பார்கள்.
பேத்தி பிறந்ததால் என்றுகூட ஒருமுறை சொன்னார்கள்.
நான் மணமாகி வந்த அன்றே
அந்தச் சோபாவுக்கென்று ஒரு தலையணை இருந்தது.

"உங்க அப்பா அம்மா, நீங்களே கேளுங்க" என்றேன்.
கணவர் குப்பைப் பையைக் கட்டிக்கொண்டு வெளியே போனார்.
குப்பைக் குழாய் பத்தடி தூரம்.
ஐந்து நிமிடமாக ஆளைக் காணோம்.

"எது மலிவும்மா?" என்றார் மாமா.
"ரெண்டும் ஒரே விலை, மாமா."
விலையும் கைவிட்டதும்
ஒரு கார்னர் கிக்கை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்.

அத்தை நாளைக்குப் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.
எங்கெங்கோ சுற்றிக் கேட்டு முடிப்பதற்குள்
என் காது சூடாகிவிட்டது.
கத்தி நிற்கவில்லை.
சன்னலுக்குக் கீழே எங்கள் பேட்டையின் நீர்வழி,
வெட்டிவிட்ட தண்ணீர், சத்தம் போடத் தெரியாதது.
"படுத்தா கடல் சத்தம் கேக்குமா?"
"கேக்கும், அத்தை."
"பெருசாவா?"
"ராத்திரி பெருசாத்தான் கேக்கும்."
"இவரோடதைவிடவா?"

கூடத்தில் டிவி சட்டென்று ஊமையானது.

அவர்களுக்கு நான் எடுத்திருந்தது சன்னலில்லாத அறை.
அங்கே கேட்பது ஏர்கான் மட்டும்.
பிள்ளைகளுக்குக் கடல் வேண்டும்,
வயதானவர்கள் சீக்கிரம் தூங்கிவிடுவார்கள்
என்று போட்ட கணக்கு.
மாற்றினேன். பால்கனி அவர்களுக்கு.
மறுபடி எல்லாப் பெயரும், மறுபடி எஸ்ஓ.
எண்பது வெள்ளி குறைந்ததைப் பார்க்கவும் நேரமில்லை.

ஒரு நிமிடம் பத்து வினாடி.
நட்சத்திரம் அங்கேயே நிற்கிறது.
"கதவுப் பக்கம் எனக்கு"
என்று கூடத்திலிருந்து குரல்.
யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.
"ஆமா, ராத்திரி நாலு தரம் எந்திரிக்கணுமே"
என்றார் அத்தை, பயற்றங்காயிடம்.

தொட்டேன்.

கணவர் வந்தார், நெடுநேரம் கை கழுவினார்.
"முடிஞ்சுதா?"
"முடிஞ்சுது. நமக்குச் சன்னல் இல்ல."

காலையில் குளிர்பெட்டிக் கதவில் பட்டியல்:
மிதவைச் சட்டை, இஞ்சி மிட்டாய், நேப்பி இருபது.
அதன் அடியில் மாமாவின் சாய்ந்த எழுத்து:
காதுக்குப் பஞ்சு, ஒரு பாக்கெட்.
'ஒரு' அடிக்கப்பட்டு
'ரெண்டு' ஆகியிருந்தது,
அத்தையின் பச்சைப் பேனாவில்.