முக்கால் வங்கி

இந்த ஆண்டில் இது நான்காவது.
முதலில் சிவப்பு, அடுத்து ஊதா,
பிறகு அலைபேசிக்குள் மட்டுமே குடியிருக்கும் ஒன்று.
இப்போது பச்சை வங்கி
நூற்று எழுபத்தைந்து பவுண்ட் தருகிறதாம்,
நான் சும்மா வந்து சேர்ந்தால் போதுமாம்.

கூடு விட்டுக் கூடு பாய
கிரிம்ஸ்பியில் தவம் எதுவும் தேவையில்லை.
ஒரு படிவம். ஏழு வேலை நாள்.
எட்டாம் நாள் பழைய அட்டையைக்
கத்தரியால் நறுக்கும்போது
தெல்மா ஒரு பக்கம் விழுகிறாள்,
ரட்கின் தொட்டிக்கு வெளியே.

ஆசை அறுபது நாள் என்பது
வங்கிகளுக்கும் பொருந்தும்.
புதியவளுக்குத்தான் பரிசு.
பதினெட்டு வருஷம் ஒரே இடத்தில் கிடந்தபோது
ஒரு காலண்டர்கூடத் தரவில்லை.
பன்னிரண்டு பவுண்ட் குறைந்த மாதம்
அபராதம் மட்டும் மறக்காமல் வந்தது.

நிபந்தனை ஒன்று:
மாதம் ஆயிரம் உள்ளே வர வேண்டும்.
மீன் ஆலையில் வாரம் மூன்று இரவு
ரொட்டித்தூள் பூசிய துண்டுகளை
உறைந்த விரல்களால் அடுக்குகிறேன்.
எண்ணூற்றுப் பத்துக்கு மேல் ஏறியதில்லை.
அதனால் அக்கா நோரீனும் நானும்
ஓர் ஆயிரம் வைத்திருக்கிறோம், இருவருக்கும் பொதுவாக.
திங்களன்று ஹல்லிலிருந்து எனக்கு,
செவ்வாயன்று என்னிடமிருந்து அவளுக்கு.
வங்கிகள் இரண்டும் அதைச் சம்பளம் என்று நினைக்கின்றன.
முதலில் யார் போட்ட பணம் அது என்று
போன கிறிஸ்துமஸில் சண்டை வந்தது.
இருவருக்குமே நினைவில்லை.
அதுபாட்டுக்கு ஹம்பர் பாலத்தில் போய் வருகிறது,
ஆள் ஏறாத பேருந்து மாதிரி.

நிபந்தனை இரண்டு:
தானாகக் கழியும் கட்டணம் இரண்டாவது இருக்க வேண்டும்.
தண்ணீருக்கு ஒன்று உண்டு.
எரிவாயுவுக்கோ, கடையில் காசு கொடுத்து
நிரப்பிக்கொள்ளும் சாவிதான்.
இன்னொன்றுக்கு எங்கே போவேன்?
தேடியதில் கிடைத்தவற்றுள் ஆக மலிவானது
டெவனில் கழுதைகளுக்கு ஒரு காப்பகம்.
மாதம் இரண்டு பவுண்ட்.
கழுதைமேல் எனக்குப் பிரியம் என்று
பொய் சொல்ல மாட்டேன்.

அவ்வளவுதான் தொழில்.
இப்போதெல்லாம் எதையும் வங்கியில்தான் அளக்கிறேன்.
கொதிகலன் பழுது: ஒரு வங்கி, சில்லறை.
ஜாரெடின் பள்ளிச் சுற்றுலா: ஒன்றரை.
கெவின் போகும்போது எடுத்துப்போன கார்:
அதை அளக்க நாட்டில் வங்கிகள் போதாது.

புதன்கிழமை, இரவு வேலை முடித்து,
கோட்டைக் கழற்றாமல் கடிதங்களைப் பிரித்தேன்.
பச்சை வங்கி: வரவேற்கிறோம்.
சிவப்பு வங்கி: பிரிவதில் வருந்துகிறோம்.
மூன்றாவது உறைக்குள்
ஒரு காது கிழிந்த கழுதையின் படம்.
பெயர் பார்னபி.

'அன்புள்ள திருமதி ரட்கின்,
ஐந்து ஆண்டுகள், ஒரு மாதமும் தவறாமல்.
இப்படி நிலைத்து நிற்பவர்கள்
எங்களுக்குச் சிலர்தான்.'

சிரித்தேன் முதலில். மீன் வாடையோடு, நின்றபடியே.
பிறகு எண்ணிப் பார்த்தேன்.
அந்த ஐந்து வருஷத்தில் பதினொரு வங்கி,
மூன்று வாடகை வீடு, ஒரு கணவன்.
ஒவ்வொரு முறை நான் கிளம்பும்போதும்
அந்த இரண்டு பவுண்ட்
யாரும் கூப்பிடாமல் பின்னாலேயே வந்திருக்கிறது.
டெவனில் யாரோ ஒவ்வொரு மாதமும்
என் பெயருக்கு நேரே
ஒரு குறி போட்டிருக்கிறார்கள்.

என்னை அப்படி யாரும் சொன்னதில்லை.
நிலைத்து நிற்பவள்.
நோரீனிடம் சொன்னால் பாலம் அதிரச் சிரிப்பாள்.
சொல்லவில்லை.

கடிதத்தின் அடியில் ஒரு வரி:
பார்னபியைப் பார்க்க எப்போது வேண்டுமானாலும் வரலாம்.
ரயில் கட்டணம் பார்த்தேன், போக வர.
முக்கால் வங்கி.

ஜனவரியில் ஊதா மறுபடி திறக்குமாம்.
படத்தைக் குளிர்பெட்டிக் கதவில்,
தண்ணீர்க் கட்டண ரசீதின் மேல்
காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறேன்.
காது கிழிந்த பக்கம்
கொஞ்சம் சுருண்டு நிற்கிறது.