மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்

ஒவுலுவில் பிப்ரவரி.
கண்ணாடிக் குழாயைச் சட்டைக்குள் வைத்து
பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்து வந்தேன்.
அரை மில்லிலிட்டர் புரதம். எட்டு வார வேலை.
உறைந்தால் போச்சு.

நிலவறையில் இருக்கிறது காந்தம்.
ஐந்து ஆய்வகங்கள், ஒரு மருத்துவமனை, மீன் ஆராய்ச்சிக்காரர்கள்
எல்லாருக்கும் இது ஒன்றுதான்.
பதிவேட்டில் சனி இரவு இரண்டு முதல் ஆறு வரை என் முறை.
எனக்கு முன்னால் ஏலிஸ், ஈஸ்டுக்காரன்,
பத்து நிமிடம் கடன் கேட்டு
இருபதாக எடுத்துக்கொள்பவன்.

கைக்கடிகாரம், சாவி, வங்கி அட்டை
வாசலில் மரப்பெட்டிக்குள்.
தரையில் மஞ்சள் கோடு.
பழைய காந்தம், கவசம் இல்லாதது,
சுவரை மதிப்பதில்லை.
கோடு அறையைத் தாண்டித் தாழ்வாரத்துக்குப் போய்
காபி மேசையின் இரண்டு கால்களைச் சேர்த்துக்கொண்டு
வளைந்து திரும்புகிறது.

இர்மெலி கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றாள்.

இருபத்தாறு வருடம் முன்பு
சுருளுக்குள் மின்சாரத்தை ஏற்றியவள் அவள்தான்.
ஏற்றியதும் கம்பியைக் கழற்றிவிட்டார்கள்.
யாரும் ஊட்டாமல் இன்னும் அது சுற்றுகிறது,
திரவ ஹீலியத்தின் குளிரில்.
போன நவம்பரில்
அவள் தோள்பட்டைக்குக் கீழே
தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு கருவி வைத்தார்கள்,
இதயம் தாளம் தப்பாதிருக்க.
அதற்கும் இதற்கும் ஆகாது.

"சாப்பிடப் போக இப்போது
மாடி ஏறி இறங்குகிறேன்" என்றாள்
வானிலை சொல்வதுபோல.

குழாயை நான்தான் விட்டேன்.
காற்று சீறி ஏந்திக்கொண்டு
மெதுவாக உள்ளே இறக்கியது.
திரை இருப்பது கோட்டுக்கு அந்தப் பக்கம்.
எண்களை உரக்கப் படித்தேன்:
எழுபத்தொன்று. எழுபத்து நான்கு. எழுபத்து மூன்று.
"பின்னால் போ. இன்னும் கொஞ்சம்.
இப்போது இரண்டாவதைத் தொடு, மெல்ல."
கண்ணை மூடியிருந்தாள்.
அவள் விரல்கள் காற்றில்
இல்லாத குமிழைத் திருகிக்கொண்டிருந்தன.
எண்பத்தெட்டு.
"விடு. அதற்குமேல் அது தராது."

முதல் துடிப்பு.
சாய்ந்த அணுக்கருக்கள்
ஆடி ஆடி அடங்குகிற அந்த ஒரு நொடி.
பிறகு திரையில் முகடுகள்,
வலப்பக்கம் நெரிசலாக மெத்தில்கள்.

"பூஜ்யத்துக்குக் கீழே ஏதாவது?"

"இரண்டு. சின்னதுதான்."

"தனியாகவா?"

"தனியாக."

"அப்படியென்றால் மடிந்திருக்கிறது உன் புரதம்."
நான் இன்னும் மூச்சுவிடவில்லை.
அதற்குள் அவள் பதிவேட்டைத் திறந்து
ஏலிஸின் இருபது நிமிடத்தைச்
சிவப்பு மையில் எழுதிக்கொண்டிருந்தாள்.

விடியவில்லை, ஆனால் ஐந்தரை.
காபிக் கோப்பையை மேசைமேல் வைத்துத் தள்ளினாள்.
கோட்டைக் கடந்து என் கைக்கு வந்தது.

கதவு தட்டும் சத்தம்.
பனிக்கட்டிப் பெட்டியோடு மீன்காரி பிர்யோ,
அரை மணி நேரம் முன்னதாகவே.