எட்டின் இடப்பக்கம்

தங்கச்சிமடம் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே
ஜெராக்ஸ், டிடிபி, ஆன்லைன் பட்டா என்று
மூன்று வரிப் பலகை. உள்ளே நான்.
உப்புக்காற்றில் பிரிண்டரின் திருகெல்லாம்
துருப்பூத்திருக்கும்.

மனு என்றால் பாதம் வைத்த எழுத்தில்தான் அடிப்பேன்.
செரிஃப் என்று பெயர்.
ஒவ்வொரு கம்பத்தின் அடியிலும்
சப்பையாய்ச் சின்னப் பாதம்,
ஈரமணலில் நிற்கிறவன்
விரலை அகட்டி ஊன்றுவதுபோல.
நம் எழுத்து அதைக் கேட்காது.
கொம்பும் சுழியும் துணைக்காலுமாய்
அதற்கு உறுப்பு ஏற்கெனவே அதிகம்.
ஆனால் கொழும்புக்குப் போகிற காகிதம்
ஆங்கிலத்தில்தானே போக வேண்டும்.

சவேரியம்மா மச்சாது வந்தது ஒரு திங்கட்கிழமை.
சனிக்கிழமை போன விசைப்படகு,
நெடுந்தீவுக்குத் தெற்கே பிடித்துவிட்டார்கள்,
மகன் இன்னாசியோடு ஒன்பது பேர்.
படகு எண் முடிவது எண்ணூற்று முப்பத்தெட்டில்.
அழகாய் இருக்கட்டும் என்று
புதிதாய் இறக்கிய எழுத்துருவைப் போட்டேன்.
தடித்த இடம் தடித்து
மெலிந்த இடம் தங்கூசி நரம்பாய் மெலிந்து,
கல்யாணப் பத்திரிகைக்கென்று எடுத்து வைத்தது.

அசல் ஒன்று. சங்கத்துக்கு அதன் ஜெராக்ஸ்.
ராமநாதபுரம் மீன்துறைக்கு ஜெராக்ஸின் ஜெராக்ஸ்.
அங்கிருந்து ஸ்கேன் ஆகிச் சென்னை,
அப்புறம் எத்தனை கண்ணாடிமேல்
குப்புறப் படுத்ததோ தெரியாது.
படிக்குப் படி மெல்லிய கோடுதான் முதலில் போனது.
முதல் எட்டு இடப்பக்கம் கரைந்து
மூன்றாகிவிட்டது.
ஒன்பது பேரும் தாளில்
யாரோ ஒருவரின் படகில் ஏறியிருந்தார்கள்.
அந்தப் படகோ மண்டபத்தில் கரையேறி
பலகை மாற்றிக்கொண்டிருந்தது.
ஆகவே அப்படியொரு படகு பிடிபடவில்லை
என்று பதில் வந்தது.

பதினொரு நாள்.

சவேரியம்மா திட்டவில்லை.
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
"இதுல இன்னாசி எங்கிட்டு இருக்கான்?" என்றார்.
விரல் வைத்துக் காட்டினேன்.
என் நகத்தழுக்கு
அவன் பெயரைவிடத் தடிமன்.

அன்று ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கி
இருக்கிற எழுத்துருவிலெல்லாம் அதே எண்ணை அடித்து
ஐந்து தலைமுறை ஜெராக்ஸ் எடுத்தேன்.
தேறியது ஒன்று.
செய்தித்தாள் சாயல், கட்டைப் பாதம்,
வளைவுக்குள் வெளி அகலம்,
மை ஊறினாலும் மூச்சு முட்டாது.
அழகென்று சொல்ல முடியாது.
ஐந்தாவதிலும் எட்டு எட்டாகவே இருந்தது.
பன்னிரண்டு புள்ளி, ஒன்றரை வரி இடைவெளி,
மனுவைத் திரும்ப அடித்தேன்.
காசு வேண்டாம் என்றேன். முப்பது ரூபாயை
கீபோர்டுக்கு அடியில் செருகிவிட்டுப் போனார்.

இன்னாசி வந்துவிட்டான். படகு வரவில்லை.
ஆவணியில் பங்குக்கு வாங்கிய வேறு படகுக்கு
எண் மாதிரி கேட்டு பெயிண்டர் கலாமுதீன் வந்தார்.
எனக்குப் பிடித்த அந்த எழுத்தையே அடித்துக் கொடுத்தேன்.
சிரித்தார்.
"இந்தப் பாதத்தையெல்லாம் ரெண்டே மாசத்துல
உப்பு தின்னுரும் தம்பி.
தாளு வேற, பலகை வேற.
மொட்டையா, ஒரே தடிமனாக் குடு."
கொடுத்தேன்.

இந்த எண்ணிலும் ஓர் எட்டு இருந்தது.
அதன் இடப்பக்கத்தை மட்டும்
இன்னொரு தடவை ஓட்டச் சொன்னேன்.
ஏன் என்று கேட்டுக்கொண்டே ஓட்டினார்.