பறிமுதல் எண் பதினேழு

தேவாலாவில் பொன் தோண்டப் போனவனிடம்
பிடுங்கிய கருவி.
எப்படி ஓட்டுவதென்று சொல்ல வேண்டியவன்
ஜாமீனில் போய்விட்டான்.
எங்களுக்கு மிஞ்சியது மூன்று திருகு, ஒரு திரை,
சோற்றுத் தட்டளவில் ஒரு வட்டம்.

முதல் திருகு உணர்திறன்.
முழுக்கத் திருப்பினேன்,
என் மெட்டிக்கே கத்தியது.
கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன்.
குனிந்தால் அங்கேயும் கத்துகிறது.
கெம்பன் சிரித்தான்.
அவன் பூட்ஸின் கண்ணெல்லாம் பித்தளை,
பத்தடி தள்ளி நடக்கச் சொன்னேன்.

இரண்டாவது மண்ணுக்கு.
இந்தச் செம்மண்ணில் இரும்பு அதிகம்,
சும்மா கிடந்தாலும் முனகும்.
வட்டத்தை முழங்காலுக்குத் தூக்கி
தரைக்கு இறக்கி
தூக்கி, இறக்கி,
ஊசிக்கு மிரளும் மாட்டைத்
தட்டித் தட்டி நிறுத்துவதுபோல
முனகல் அடங்கும்வரை.
மழை பெய்தால் மறுபடி முதலிலிருந்து.
இங்கே எப்போது பெய்யாது?

மூன்றாவதை நாங்கள் தொடவே இல்லை,
அவன் வைத்த இடத்திலேயே இருந்தது.
தேயிலை ஓரம், பன்றித்தடம், ஓடைக்கரை,
எங்கும் சத்தமில்லை.
மூன்று நாளும் பதிவேட்டில்
சுத்தம் என்று என் கையால் எழுதினேன்.

நான்காம் நாள் விடியலில்
சுத்தம் என்று எழுதிய சரிவில்
பெண் சிறுத்தை ஒன்று,
இடுப்பை இறுக்கிய கம்பியோடு.
கூடலூரிலிருந்து டாக்டர் வர மணி பதினொன்று.
மயக்க ஊசிக்கு வேலை இருக்கவில்லை.

அன்றிரவு ஷெட்டின் தரையில்
ஓர் ஆணி, என் மூக்குத்தி,
அவள் இடுப்பிலிருந்து அறுத்தெடுத்த
பைக் கிளட்ச் கம்பி.
ஒவ்வொன்றின் மேலும் வட்டத்தை ஆட்டினேன்.
மூக்குத்திக்குத் துள்ளியது.
ஆணிக்கும் கம்பிக்கும்
வாய் திறக்கவில்லை.

அவனுக்கு வேண்டியது பொன்.
இரும்பு கூப்பிட்டால் கேட்காதே என்று
பழக்கி வைத்திருக்கிறான்.

திருகை இடது கோடிக்குத் தள்ளினேன்.
இப்போது எல்லாவற்றுக்கும் கத்துகிறது:
பிராந்தி மூடிக்கு, லாடத்துக்கு,
கவாத்துக் கத்தியின் முறிந்த நுனிக்கு.
கத்தட்டும்.
ஒவ்வொரு கத்தலுக்கும் மண்டியிட்டு
சருகை விலக்குகிறோம்.
ஒரு நாளுக்கு ஒரு சரிவு முடிந்தால் அதிகம்.
ஏன் இவ்வளவு நேரம் என்கிறார் வனவர்.
சுருக்கு நான்கு, மூடி முப்பத்தொன்று
என்று எழுதிக் கொடுக்கிறேன்.

அவள் கிடந்த சரிவில் மட்டும்
போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை.
கருவி அங்கே ஒன்றும் சொல்வதில்லை.
நின்று,
மூன்றாவது திருகைத் தொட்டுப் பார்த்துவிட்டு
மறுபடி நடக்கிறேன்.