மாற்றலாகி வந்தது

மேல்கை எலும்பு கூடிவிட்டது,
தகடும் எட்டுத் திருகாணியுமாக.
அதை ஒட்டிச் சுற்றி ஓடும் நரம்புதான்
எழுந்து வரவில்லை.
ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளருமாம்.
பதினான்கு மாதம் காத்திருந்தேன்,
எண்ணூர் நெடுஞ்சாலைக் கண்டெய்னர் வரிசையைவிட
மெதுவான ஒன்றுக்காக.

காலடிப்பேட்டையில் ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டினால்
மணிக்கட்டு தொங்கித் தரையைக் காட்டும்.
போகச் சொல்கிறேன் என்று நினைத்துப்
போய்விடுவார்கள்.

எம்.சி. ரோட்டுக் கடையில்
புடவை விரிக்கும் இடத்திலிருந்து எடுத்து
பில் மேசைக்குப் பக்கத்தில் நிற்கவைத்தார்கள்,
இடது கையால் பைக்குள் போட.
முதலாளி நல்லவர்.
எண்ணூறுதான் குறைத்தார்.

"கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேத்துப் பிடிம்மா"
என்றார் ஸ்டான்லியில் டாக்டர்.
மணிக்கட்டின் நடுவே ஒரு கம்பி எழுந்தது.
"சில பேருக்கு இது இருக்கவே இருக்காது.
இருந்தாலும் பெரிசா வேலை ஒண்ணும் இல்ல.
இத உன் கட்டைவிரலுக்கு மாத்திடறேன்."

நாற்பத்தொரு வருடம்
என் சோற்றைத் தின்று சும்மா இருந்ததற்கு
அன்றைக்கு உத்தரவு வந்தது.
கூடவே இன்னும் இரண்டு:
கையைக் கவிழ்ப்பது மணிக்கட்டைத் தூக்கப் போயிற்று,
மடக்குவது நான்கு விரலையும் நீட்டப் போயிற்று.
நீல மையில் கோடு போட்டார்.
தெருவைத் தோண்டுமுன் குடிநீர் வாரியம்
இப்படித்தான் சுண்ணாம்பு போடும்.

நாலு வாரம் மாவுக்கட்டு.
பிரித்ததும், நீட்டு என்றேன்.
அசையவில்லை.
மீஞ்சூருக்கு மாற்றலான கிளார்க்
பழைய ஆபீஸ் ஃபைலையே தேடுவதுபோல
அது இன்னும் உள்ளே மடக்கிக்கொண்டிருந்தது.

"நீட்டணும்னு நினைக்காதீங்கக்கா" என்றாள் நஸ்ரீன்,
பிசியோதெரபி அறையில், சுற்றாத ஃபேனுக்குக் கீழே.
"மணிக்கட்ட மடக்கணும்னு நினைங்க.
உள்ள இழுங்க."
இழுத்தேன்.

விரல்கள் திறந்தன.

அன்றிலிருந்து தலைகீழாகத்தான் எல்லாம்.
டம்ளரை விடுவதற்கு, மடக்கு.
துண்டை உதறுவதற்கு, கவிழ்.
நினைப்பது ஒன்று செய்வது ஒன்று என்று
அமலதாசை எத்தனை வருடம் திட்டியிருக்கிறேன்.
இப்போது கட்டிலுக்கு மறுபுறத்திலிருந்து
என் கையைப் பார்த்துச் சிரிக்கிறான்.

நேற்று மழை.
தோளில் பை, இடது கையில் குடை,
எதையும் நினைக்க நேரமில்லை.
வலது கை தானாக எழுந்தது.
மணிக்கட்டு நிமிர்ந்து, விரல்கள் விரிந்து,
கொஞ்சம் கோணல்,
சுண்டுவிரல் மட்டும் பாதி வழியில்.

ஆட்டோ நின்றது.

"அதான் நிறுத்திட்டேன்ல, கைய இறக்கிட்டு ஏறுக்கா"
என்றான் ஓட்டுகிறவன்.

இறக்க எதை நினைக்க வேண்டும் என்று
ஒரு நொடி
தெரியவில்லை.