இருநூற்றுத் தொண்ணூறு

அறை வெப்பம் இருநூற்றுத் தொண்ணூறு கெல்வின்
என்று எங்கோ ஒரு குழு எழுதி வைத்தது.
நம் கணக்கில் பதினேழு டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு.
யாருடைய அறையோ.
இங்கே கிண்டி தொழிற்பேட்டை, இரண்டாம் மாடி,
மேற்குச் சுவரில் உள்ளங்கை வைக்க முடியாத மே மாதம்.

சூடான எதுவும் சும்மா இருப்பதில்லை.
சுவர் இரைகிறது, டீ கிளாஸ் இரைகிறது,
மூடியைக் கழற்றும் என் கை இரைகிறது
காதுக்குக் கேட்காத மைக்ரோவேவில்.
புயலின் முனகலைப் பிடிக்க வேண்டிய ரேடார்
முதலில் தன் முனகல் எவ்வளவென்று தெரிந்துகொள்ள வேண்டும்.
அதைச் சொல்லித்தான் எங்கள் பிழைப்பு.

ஆரம்பத்தில் ஆர்கான் குழாய்.
அலைவழிக்குள் சாய்த்துச் செருகிய கண்ணாடி,
பற்றினால் ஊதா, பற்றாவிட்டால் கெட்ட வார்த்தை.
எழுபத்தொன்றாம் வருடப் பதிவேட்டில்
தேசிகாச்சாரியின் சாய்ந்த எழுத்து:
‘மூன்றாம் முறையில் எரிந்தது. அளவு நம்பத்தக்கது.’
‘நம்பத்தக்கது’ அடிக்கப்பட்டு, மேலே
‘நம்பலாம்.’

பிறகு திரவ நைட்ரஜன்,
மணலியிலிருந்து ஆட்டோவில்.
வாயில் புகை கசியும் பாத்திரத்தை
ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வருவார்.
ஒரு சுமை அதில் முங்கிக் கிடக்கும், எழுபத்தேழு கெல்வினில்;
இன்னொன்று மேசைமேல், அறைச் சூட்டில்.
இரண்டு இரைச்சலையும் வகுத்தால்
ஏற்பியின் குணம் தெரிந்துவிடும்.

எண்பத்தாறில் ஹெப்சிபா வேலைக்குச் சேர்ந்தாள்.
மூன்றாம் வாரம் பதிவேடுகளைத் தரையில் பரப்பி
நடுவில் சம்மணமிட்டுக் கேட்டாள்:
மே மாதத்தில் மட்டும் ஏன் எல்லாமே உத்தமம்?
மார்கழியில் வந்த ஏற்பிகள் சுமார்,
கத்திரியில் வந்தவை முதல் வகுப்பு.

மின்விசிறி மட்டும் பேசியது.

மேசைமேல் கிடந்த சுமைக்கு
பதினைந்து வருடமாக யாரும் வெப்பமானி வைக்கவில்லை.
பாரத்திலேயே அச்சாகியிருந்தது, இருநூற்றுத் தொண்ணூறு.
வியர்வை சொட்டி மை கலைந்த இடத்துக்குப் பக்கத்தில்
ஒரு குளிர்ப் பிரதேசத்தின் எண்,
அதன் கீழே எங்கள் கையெழுத்து.
நாற்பத்தொன்று என்னுடையது.

ரிச்சி தெருவில் ஒரு வெப்பமானி வாங்கி
சுமையோடு டேப் போட்டு ஒட்டினாள்.
முன்னூற்று ஒன்பது.
பிறகு நான்கு மாதம் திருத்தக் கணக்கு,
பிறகு கடிதங்கள்:
‘முன்னர் தெரிவித்ததைவிடத் தங்கள் கருவி
சற்று அதிகமாக இரைகிறது என்பதை வருத்தத்துடன்...’
தட்டச்சு நிறுத்தி ஜமாலுதீன் கேட்டார்,
வருத்தம் வேணுமா மேடம்?
எடுத்துடுங்க.

இப்போது டையோடு.
தீப்பெட்டி அளவு, வருடம் ஒருமுறை
யார் மடியிலாவது தில்லிக்குப் போய்
சான்றிதழோடு திரும்புகிறது.
விடையை இன்றும் அந்தப் பழைய எண்ணுக்கு
மாற்றித்தான் கொடுக்கிறோம், உலக வழக்கம்.
ஆனால் பாரத்தின் வலது மூலையில்
ஹெப்சிபா கோடு போட்டு வரைந்த காலிக் கட்டம்
அச்சுக்கே போய்விட்டது.
தலைப்பு: இன்று, இங்கே.

இன்று, இங்கே
முன்னூற்றுப் பதினொன்று.
கரண்ட் போய் நாற்பது நிமிடம்.
நைட்ரஜன் ஆவியாகிக்கொண்டிருக்கிறது.