துப்பு

பேரிலேயே துப்பு இருக்கிறது.
துப்பத்தான் மாட்டேன் என்கிறது.

சுட்டதும் வெற்றுக் கூடு வெளியே விழ வேண்டும்.
விழாமல் போல்ட்டின் வாயில்
நட்டுக்கொண்டு நிற்கிறது,
எங்கள் வீட்டுப் புகைபோக்கி மாதிரி,
அதே சாய்வோடு.
அடுத்த தோட்டா
மேகசினிலிருந்து மூக்கை நீட்டி
அறைக்குள் போகாமல்
வாசற்படியில் இடித்துக்கொள்கிறது.
ஈய மூக்கு சப்பை.

மேய்ச்சல் நிலத்தில் கோஃபர்
பின்னங்காலில் எழுந்து நின்று
விசிலடித்தது.
எங்களைப் பார்த்துத்தான், என்றார் ஓரெஸ்ட்.
அதன் வளைக்குள் கால் விட்டு
ஒரு கன்று எலும்பை முறித்துக்கொண்ட வருஷம்.
அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"தோட்டா சரியில்லை.
மலிவுப் பெட்டி. நீ வாங்கியது, வெர்லா."

கனோராவுக்குப் போய்
விலை கூடிய பெட்டி வாங்கி வந்தேன்.
அதுவும் அதே படியில் இடித்தது.
மேகசின், என்றார்.
பிறகு குளிர், என்றார்.
பிறகு கோபர்க்கில் இதைச் செய்த தொழிற்சாலை.
அதை மூடி நாற்பது வருஷத்துக்கு மேல்;
திருப்பிப் பேச ஆளில்லை.

வெள்ளிக்கிழமை அவர் விதை வாங்கப் போனதும்
சமையல் மேசையில் செய்தித்தாள் விரித்தேன்.
மேகசினைக் கழற்றி
போல்ட்டை இழுத்து
கண்ணால் பார்த்து, சுண்டுவிரலால் பார்த்து
காலிதான் என்று மூன்றாம் முறையும் பார்த்து
அதற்குப் பிறகுதான் காபி.

முதலில் கொக்கி:
கூட்டின் விளிம்பைக் கவ்வி இழுக்கிற
அரிசியளவு எஃகுப் பல்.
அதன் அடியில் மெழுகும் கரியும்
கெட்டித்துக் கிடந்தன.
பல்குத்தியால் நோண்ட
தார் மாதிரி வந்தது.
மேகசினின் உதடு ஒரு பக்கம் அகன்றிருந்தது.
மயிரிழை நெருக்கினேன்.
அதிகமாகிவிட்டது. அகட்டினேன்.
மறுபடி நெருக்கினேன்.

இத்தனைக்கும் பிறகு
சுட்ட கூடு ஒன்றைக் கையால் நுழைத்தால்
கடைசி நூலிழையில் முரண்டு பிடித்தது.
எடுத்து, உடம்பெல்லாம்
கறுப்பு மார்க்கர் பூசி
மறுபடி நுழைத்து
உருவினேன்.
கறுப்பில் ஒரே ஒரு பித்தளைக் கோடு.

டார்ச் அடித்தேன்.
அறையின் உதட்டில்
கடிகாரத்தில் பன்னிரண்டு இருக்கும் இடத்தில்
எஃகு நசுங்கி
உள்ளே பிதுங்கிய ஒரு பிசிறு.

துப்பு கிடைத்துவிட்டது.

இருபத்திரண்டின் ஊசி
தோட்டாவின் விளிம்பைத்தான் அடிக்கும்.
தோட்டாவே இல்லாதபோது?
அறையின் உதட்டை அடிக்கும்.
ஒரு தடவை என்றால் ஒன்றுமில்லை.

ஜனவரி முழுக்க
பனி ஜன்னலில் பாதிவரை ஏறிய இரவுகளில்
ஹாக்கி ஆட்டம்.
நடுவர் தப்பாக விசிலடிக்கும்போதெல்லாம்
ஓரெஸ்ட் காலித் துப்பாக்கியின் போல்ட்டை இழுத்து
டிவியில் அந்தக் கோடுபோட்ட சட்டையைக் குறிபார்த்து
டிக்.
பாத்திரம் கழுவியபடி எண்ணியிருக்கிறேன்.
ஒரே இரவில் நாற்பத்தொன்று,
எங்கள் அணி தோற்ற இரவு.

அரத்தைத் தொடவில்லை.
அராவினால் போனது போனதுதான்.
பக்கத்துப் பண்ணை லூபாவிடம் இரவல் வாங்கிய
கூம்புக் கம்பியை நுழைத்து
ஒரு சொட்டு எண்ணெய் விட்டு
சாய்த்துச் சாய்த்து உருட்டினேன்.
பிதுங்கிய எஃகு
வந்த வழியே திரும்பிப் போனது.
மணி நாலாகியிருந்தது. காபி அப்படியே இருந்தது.

ஞாயிறு, கொட்டிலுக்குப் பின்னால்,
மண்மேட்டைப் பார்த்துப் பத்து.
பத்துக் கூடும் வலப்பக்கம்,
உருகும் பனியில்
தன் தன் அளவுக்கு ஒரு குழி போட்டுக்கொண்டு.

ஓரெஸ்ட் தலையாட்டினார்.
"சொன்னேனே. தோட்டாதான்."

கடையில், சுவரில் ஸ்க்ரூ முடுக்க வைக்கும்
மஞ்சள் பிளாஸ்டிக் ஆப்புகள்,
நூறு நான்கு டாலர்.
தோட்டா இடத்தில் உட்கார்ந்து
ஊசியின் அடியை வாங்கிக்கொள்ளும்.
வேர்க்கடலைக் கிண்ணத்தைக் கழுவித் துடைத்து
அதில் கொட்டி
ரிமோட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.
அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அக்டோபர். முதல் ஆட்டம்.
நடுவர் விசில்.
டிக்.
தரையில் ஏதோ லேசாக விழுந்து உருண்டது.

காலையில் பெருக்கும்போது
சோபாவுக்கு அடியில்
பதினேழு.